பிரேக் அண்ணன் வாங்கிய ப்ரீஆம்ப்

என் சகலைக்குக் குடும்பத்துக்குள் பிரேக் என்று பெயர். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். வயதில் மூத்தவர் என்பதால் நேரில் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பிரேக் என்று சொல்வதெல்லாம் அவர் அந்தப் பக்கம் போன பிறகுதான். அவருக்கும் தெரியும், தெரியாத மாதிரியே இருந்துவிடுவார்.

வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துச் சம்பாதித்த மனிதர் அவர். டிரைவிங் ஸ்கூல் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும், பக்கத்தில் உட்காரும் வாத்தியார் காலடியில் இன்னொன்று இருக்கும். இந்த இரண்டாவது பிரேக்தான் அவருடைய சொத்து, சுகம், சுபாவம் எல்லாம். வீட்டுக்கு வந்த பிறகும் கால் அடங்காது. சோபாவில் உட்கார்ந்திருப்பார், எதிரே யாராவது தட்டில் டீயை நிரப்பி வேகமாக எடுத்து வந்தால் வலது கால் தரையை அழுத்தும். நான் கடைக்கு இன்னொரு ஷட்டர் போடலாம் என்று இருக்கிறேன் என்று ஒரு தடவை சொன்னேன். வாயைத் திறந்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. கால்தான் சொன்னது.

நான் பூட்டுக்கடை வைத்திருக்கிறேன். பூட்டு, கீல், தாழ்ப்பாள், கதவுப் பிடி. வருகிறவருக்கு மூன்று பூட்டு எடுத்து வைப்பேன். நாலாவதைக் காட்டச் சொன்னால் என் குரல் கொஞ்சம் மாறிவிடும். வியாபாரிக்கு இது ஆகாது என்று என் மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். இப்படிப்பட்ட என்னைத்தான், உலகத்தில் வேறு ஆளே இல்லாத மாதிரி, ப்ரீஆம்ப் பார்த்து வாங்கத் துணைக்குக் கூப்பிட்டார் அந்த மனிதர்.

ப்ரீஆம்ப் என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இசைத்தட்டு சுழலும் பெட்டியிலிருந்தும் சிடி பெட்டியிலிருந்தும் வருகிற பாட்டை முதலில் வாங்கிக்கொள்வது அதுதான். எது பாட வேண்டும், எவ்வளவு சத்தமாகப் பாட வேண்டும் என்பதை அங்கேதான் திருகி வைக்கிறோம். அங்கிருந்து ஒரு கேபிள் வழியாகப் பாட்டு பவர் ஆம்ப்புக்குப் போகும். பவர் ஆம்ப்தான் ஸ்பீக்கரைப் பாட வைக்கிற முரட்டு ஆள். சிமெண்ட் மூட்டை கனம் கனக்கும்.

அண்ணன் வீட்டு ஹால் நீளமானது. ஒரு கோடியில் பெரிய ஜன்னல். ஜன்னல் ஓரமாக ஒரு அலமாரி, அதில் இசைத்தட்டுப் பெட்டியும் பழைய ப்ரீஆம்ப்பும். எதிர்க்கோடியில் இரண்டு ஸ்பீக்கர், நடுவில் தரையில் பவர் ஆம்ப். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் சுவரோடு சுவராகக் கேபிள். நடுவில் அண்ணனுடைய நாற்காலி, ஸ்பீக்கரைப் பார்த்தபடி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வேலை முடிந்து வந்து முகம் கழுவி அதில் உட்கார்ந்தால், நாளெல்லாம் ரோட்டில் பட்ட பாடு மறக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்.

அந்த ஜன்னலுக்குக் கீழே ஒரு காலத்தில் அக்காவின் தையல் மெஷின் இருந்தது. அக்கா ஃபர்னிச்சர் கடைகளுக்குத் திரைச்சீலையும் குஷன் உறையும் தைத்துக்கொடுக்கிறார். மேஜையோடு கூடிய பழைய மெஷின், பின்னால் ஒரு சின்ன மோட்டாரை ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கும், அதற்குக் காலடியில் ஒரு பெடல். சங்கடம் அந்த மோட்டாரில்தான். அக்கா பெடலில் கால் வைத்தால் அந்தப் பக்கம் ஸ்பீக்கர் கிர்ர்ர் என்று கத்தும். பாட்டு நடுவில் யாரோ தொண்டையைக் காறுகிற மாதிரி இருக்கும். கொஞ்ச நாள் அப்படியே ஓட்டினார்கள். ஒருநாள் பார்த்தால் மெஷின் உள் அறைக்குப் போயிருந்தது. அதன் பிறகு சாயங்காலமானால் ஹாலில் பாட்டு, உள்ளே தையல். மகள் வீட்டில் இருந்த வரைக்கும் இரண்டுக்கும் நடுவில் போய் வர ஆள் இருந்தது. அவளும் வேலை கிடைத்து வெளியூருக்குப் போய்விட்டாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும், ஆனால் இப்படிச் சேர்த்துப் பார்த்ததில்லை. ப்ரீஆம்ப் பார்க்கக் கிளம்பிய முதல் சனிக்கிழமை காரில் போகும்போது அவர்தான் சொன்னார். கார் என்னுடையது, ஓட்டியதும் நான்தான். லீவு நாளில் அவர் ஸ்டீயரிங்கைத் தொட மாட்டார். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைப் போகும் வழியெல்லாம் மிதித்துக்கொண்டு வருவார். என் காரின் மிதியடி அந்தப் பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும்.

"அண்ணே, இருக்கிற பெட்டியே நல்லாத்தானே பாடுது?" என்றேன்.

"பாடுது."

"அப்புறம் என்னத்துக்கு இந்த அலைச்சல்?"

சிக்னலில் நின்றிருந்தோம். அவர் முன்னால் நின்ற லாரியின் பின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ ஹாலுக்கு வரணும், சகலை. மெஷினோட வந்து பழைய இடத்துல உக்காரணும்."

நான் திரும்பிப் பார்த்தேன். ரோட்டைப் பாருங்க என்று கையைக் காட்டினார்.

"வீட்ல இருக்கிறதே ரெண்டு பேரு. அவ ஒரு ரூம், நான் ஒரு ரூம். எதிர்வீட்டுக்காரங்ககூட இதைவிட அதிகமாப் பேசிப்பாங்க. அந்த கிர்ரு மட்டும் போயிடுச்சுன்னா போதும். பிளக்கை மாத்திப் பாத்தேன், கேபிளை மாத்திப் பாத்தேன், என்னென்னவோ ஃபில்டர் எல்லாம் போட்டுப் பாத்தேன். போகல. பேலன்ஸ்டு கனெக்‌ஷன் இருக்கிற ப்ரீஆம்ப் போட்டா போகும்னு சொல்றாங்க."

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க. வாங்கி, மாட்டி, சரியா வந்தப்புறம் சொல்லிக்கலாம். வரலைன்னா அசிங்கமாப் போயிடும்."

கேலி செய்ய நாலைந்து வார்த்தை தயாராக வைத்திருந்தேன், எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

கடை ஒரு மாடிப்படி ஏறிப் போகிற இடத்தில் இருந்தது. உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை, சுவரெல்லாம் கம்பளம். நடத்துகிறவர் ஐம்பது வயதுப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலி போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சிரிப்பதற்கு முன் இது சிரிக்க வேண்டிய விஷயம்தானா என்று யோசிக்கிற முகம்.

"பவர் ஆம்ப்ல மூணு முள்ளு சாக்கெட் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்க. ரப்பர் மூடி போட்டிருக்கு. வாங்கினதுலேருந்து திறக்கல," என்றார் அண்ணன்.

"கேபிள் எவ்வளவு நீளம்?"

"ஹால் நீளம்."

"அப்ப வேற ஒண்ணும் இல்ல. அவ்வளவு நீளத்துக்கு சாதாரண கேபிளை இழுத்தா வழியில இருக்கிற குப்பையெல்லாம் ஏறத்தான் செய்யும்."

பிறகு பேலன்ஸ்டு என்றால் என்ன என்று எனக்கு விளக்கினார், நான் கேட்காமலே. சாதாரண கேபிளில் பாட்டு ஒரே கம்பியில் போகும். இந்த மூன்று முள் கேபிளில் இரண்டு கம்பியில் போகும். ஒன்றில் உள்ளபடி, இன்னொன்றில் அதையே அப்படியே தலைகீழாக்கி. வழியில் மோட்டார் சத்தம் ஏறினால் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும். கடைசியில் பவர் ஆம்ப் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழிக்கும். எதிரும் புதிருமாக வந்த பாட்டு மட்டும் மிஞ்சும், ஒரே மாதிரி வந்த சத்தம் அடிபட்டுப் போய்விடும்.

எங்கள் வீட்டிலும் நான் ஒன்று சொன்னால் என் மனைவி அப்படியே தலைகீழாகத்தான் சொல்கிறாள், ஆனால் சத்தம் மட்டும் குறைந்தபாடில்லை என்றேன். அந்த அம்மா யோசித்துப் பார்த்துவிட்டுச் சிரிக்க வேண்டாம் என்று முடிவு செய்தார்.

அப்போதுதான் அண்ணன் கையில் கொண்டு வந்திருந்த துணிப்பையைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு மோட்டார் வந்தது, அதன் வாலாக வயர், வயரின் நுனியில் பெடல்.

"இது என்ன?" என்றார் கடைக்கார அம்மா.

"தையல் மெஷின் மோட்டாருங்க. வீட்டுக்காரம்மாவோடது. தச்ச துணி கொடுக்க சனிக்கிழமை வெளிய போவாங்க, அந்த நேரம் பாத்துக் கழட்டிட்டு வந்தேன். இதை வெச்சுத்தான் ஒவ்வொரு பெட்டியையும் பாக்கணும்."

எத்தனையோ விதமான பைத்தியங்களைப் பார்த்த கடை போலிருக்கிறது. அவர் சுவரில் இருந்த பிளக் பாயிண்டைக் காட்டினார்.

அண்ணன் மோட்டாரை, அங்கே மாட்டியிருந்த சாதாரண கேபிள் பக்கத்தில் தரையில் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலைப் பெடலில் வைத்து மெதுவாக அழுத்தினார். மோட்டார் விர்ர் என்று பூனை மாதிரி முனகியது. மோட்டார் மட்டும்தானே, அதன் சத்தம் அவ்வளவுதான். ஆனால் ஸ்பீக்கரில் வந்ததே கிர்ர்ர், அச்சு அசலாக வீட்டில் வருகிற அதே சத்தம். பிறகு அந்த அம்மா மூன்று முள் கேபிளை மாட்டினார். மறுபடியும் அழுத்தினார் அண்ணன். ஸ்பீக்கர் மூச்சு விடவில்லை. இன்னும் அழுத்தினார். ஒன்றுமே இல்லை. வாழ்க்கையில் அந்தக் கால் இப்படி ஒன்றை ஓட விட்டு நான் பார்த்ததே இல்லை. முகம் பூரித்துப்போனது.

அப்படியானால் அன்றைக்கே ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம்தானே. நானாக இருந்தால் வாங்கியிருப்பேன். ஆனால் அவர் யார்? ஒரு வளைவில் திரும்புவதற்கு முன் கண்ணாடியைப் பார், சிக்னல் போடு, தலையைத் திருப்பிப் பார், மறுபடி கண்ணாடியைப் பார் என்று சொல்லிச் சொல்லியே பிழைத்தவர்.

முதலில் மரச்சட்டம் போட்ட ஒரு பெட்டியின் மேல் ஆசைப்பட்டார். பித்தளை நிறத்தில் திருகு, பார்க்கவே லட்சணமாக இருந்தது. வாங்கிவிடுவார் என்றே நினைத்தேன். வண்டி வாங்குகிறவர் பின்பக்கம் போய்ப் பார்க்கிற மாதிரி அதைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே வருவதற்குத்தான் மூன்று முள் சாக்கெட் இருந்தது, வெளியே போவதற்குச் சாதாரண ஓட்டைதான். ஹால் நீளத்துக்குக் கேபிள் போவதே வெளியே போகிற வழியில்தான். அதை வைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை வேறொன்று. இரண்டு பக்கமும் மூன்று முள் இருந்தது. ஆனால் திருகை ஒரு நூலிழை நகர்த்தினால் போதும், கண்ணாடிக் கதவு அதிரும். மெதுவாக வைத்துக் கேட்க வழியே இல்லை. ரொம்பக் குறைத்தால் வலது பக்கம் பாடும், இடது பக்கம் தூங்கும்.

"கிளட்ச் இப்படி இருந்தா என்கிட்ட ஒரு ஆள்கூட லைசென்ஸ் வாங்க மாட்டான்," என்றார் அண்ணன்.

அதற்கடுத்த சனிக்கிழமை பார்த்ததுதான் கறுப்புப் பெட்டி. ஜோடனை ஒன்றும் கிடையாது. முன்னால் ஒரு திருகு, ஒரு சின்ன விளக்கு. இசைத்தட்டுப் பெட்டியை நேராக மாட்ட முடியாது, அதற்கு நடுவில் ஒரு குட்டிப் பெட்டி வேண்டும், அது அண்ணனிடம் ஏற்கெனவே இருந்தது. சத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் இரண்டு பக்கமும் சமமாகப் பாடியது. மோட்டாரை எவ்வளவு முடுக்கினாலும் சலனமில்லை. எனக்கே பிடித்துவிட்டது. அண்ணனும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, "அடுத்த வாரம் வந்து இன்னொரு தடவை கேட்டுடலாம்" என்றார்.

அடுத்த வாரமும் கேட்டோம். அதற்கடுத்த வாரம், அலமாரியில் கடைசித் தட்டில் இருந்த நாலாவது பெட்டியைக் காட்ட முடியுமா என்று கேட்டார். என் கடையாக இருந்திருந்தால் நடப்பதே வேறு. அந்த அம்மா பொறுமையாக எடுத்துக் காட்டினார். எனக்கு மண்டை காய்ந்தது. பேசாமல் இந்தக் கம்பளத்திலேயே நமக்கு ஒரு பாய் போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்றேன். இந்தத் தடவை அவர் சிரித்துவிட்டார்.

இதற்கு நடுவில் ஒருநாள் அக்கா என் கடைக்கு வந்தார். கையில் ஒரு ஸ்க்ரூ.

"தம்பி, இதே அளவுல ரெண்டு வேணும். மோட்டார் ஸ்க்ரூ மரை தேஞ்சு போச்சு. நான் கழட்டவே இல்ல. அது எப்படித்தான் தேயுதோ."

நான் டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு தேட ஆரம்பித்தேன்.

"எலியா இருக்குமோ?" என்றாள் கல்லாவில் இருந்த என் மனைவி. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"எலி என்ன ஸ்க்ரூ டிரைவரா வெச்சிருக்கு? அதை விடு. தம்பி, சனிக்கிழமையானா ரெண்டு பேரும் எங்க போறீங்க?"

"கேபிள் பாக்கத்தான்க்கா."

"கேபிள் பாக்கப் போற மனுஷன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டா போவாரு?"

பேய் முழி முழித்தேன். நல்லவேளை, அக்கா விட்டுவிட்டார். ஸ்க்ரூவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இப்பல்லாம் கிட்டத்துல எதுவுமே சரியாத் தெரிய மாட்டேங்குது. உள் ரூம்ல வெளிச்சமே கிடையாது. மத்தியானத்துலயே லைட்டப் போட்டுக்கிட்டுத்தான் நூலே கோக்கிறேன்."

"ஹாலுக்கு வந்துடலாமே அக்கா," என்று என் வாயில் வந்துவிட்டது.

"அது அவரோட இடம்ப்பா," என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூவை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். அந்தச் சனிக்கிழமை கடைக்குள் நுழைந்ததும் கறுப்புப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"அண்ணே, இன்னைக்கு இதை எடுக்கல, நேரா அக்காகிட்ட போய் மோட்டாரு, ஸ்க்ரூ எல்லாத்தையும் போட்டு உடைச்சிடுவேன்."

"இல்ல சகலை, அந்த நாலாவது..."

"நாலாவது கிடையாது. அக்காவுக்குக் கண்ணு போயிட்டு இருக்கு, நீங்க இங்க நாலாவது பெட்டி பாத்துக்கிட்டு இருக்கீங்க."

கம்பளத்தில் அவர் வலது கால் அழுந்தியது. அழுந்தியபடியே கொஞ்ச நேரம் இருந்தது. கடைக்கார அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"பில் போடவா?"

கால் மெதுவாக மேலே வந்தது. "போடுங்க" என்றார் அண்ணன்.

அக்கா திரைச்சீலை கொடுக்கப் போயிருந்தார், வர நேரமாகும். நாங்கள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக வேலையை ஆரம்பித்தோம். பவர் ஆம்ப்பின் ரப்பர் மூடியைக் கழற்றி, தூசியை ஊதி, மூன்று முள் கேபிளைச் சொருகினார். டக் என்று ஒரு சத்தம், பூட்டு விழுகிற மாதிரி. அது எனக்குப் பிடித்தது. மோட்டாரை ஜன்னலுக்குக் கீழே வைத்துப் பெடலை மிதித்தார். ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்கச் சொன்னார். நான் காதை ஒட்டி வைத்தேன். கிர்ரும் இல்லை, கர்ரும் இல்லை. பாட்டைப் போட்டு மிதித்தார். பாட்டு மட்டும்தான் வந்தது.

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த நேரத்தில் அவரைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"வாங்க, மெஷினைத் தூக்குவோம்," என்றார்.

மோட்டாரைப் பழையபடி முடுக்கி, இரண்டு பேருமாக மெஷினை மேஜையோடு உள் அறையிலிருந்து இழுத்து வந்து ஜன்னலுக்குக் கீழே போட்டோம். அண்ணன் அதைத் துடைத்தார். அக்கா உட்கார ஒரு நாற்காலியைப் போட்டு, மேலே ஒரு குஷன் வைத்தார். நான் டீ போட்டேன். அக்கா வந்தார்.

வாசலிலேயே நின்றுவிட்டார். மெஷினைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"உள் ரூம்ல ஏதாவது ஒழுகுதா?"

"ஒழுகல. உக்காரு," என்றார் அண்ணன். "சீட்டைக் கொஞ்சம் முன்னாடி இழுத்துக்கோ. பெடல் எட்டுதா? சரி. நான் பாட்டைப் போடுவேன். நீ பாட்டுக்கு தச்சுக்கிட்டே இரு."

"எதைத் தைக்கிறது?"

"எதையாவது."

அக்கா கூடையிலிருந்து ஒரு குஷன் உறையை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தார். அண்ணன் இசைத்தட்டைப் போட்டார். முன்னால் வந்து தன் நாற்காலியில், ஸ்பீக்கரைப் பார்த்து, மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்தது. எவ்வளவு சுத்தம், எவ்வளவு தெளிவு. அண்ணன் கையை உயர்த்தி, ஸ்டார்ட் என்று காட்டினார். அக்கா பெடலை மிதித்தார்.

தடதடதடதடதடவென்று மெஷின் ஓடியது.

மேஜை அதிர்ந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. டீ தம்ளர் அதிர்ந்தது. பாட்டு எங்கே போனது என்றே தெரியவில்லை. அக்கா காலை எடுத்தார், பாட்டு வந்தது. காலை வைத்தார், பாட்டு போனது. ஸ்பீக்கரில் இம்மியும் கிர்ர் இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

தையல் மெஷின் சத்தம் போடும் என்பது தைக்கத் தெரியாத குழந்தைக்கும் தெரியும். எங்கள் மூன்று பேருக்கு மட்டும், அந்தக் கடைக்கார அம்மாவையும் சேர்த்துத்தான், அது தோன்றவே இல்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மோட்டாரை மட்டும் கழற்றிக் கொண்டுபோய், அது பூனை மாதிரி முனகுவதைக் கேட்டுவிட்டு, மெஷின் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோயிருந்தோம். அந்தக் காலத்தில் ஹாலில் இரண்டும் ஓடும்போது இந்தத் தடதடவும் இருந்திருக்கத்தான் வேண்டும். கிர்ர் மேல் இருந்த எரிச்சலில் அண்ணன் காதில் அது ஏறவே இல்லை.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன நடக்குது இங்க? தம்பி, நீங்களாவது சொல்லுங்க," என்றார் அக்கா.

நான் சொன்னேன். மோட்டார், துணிப்பை, கண்ணாடி ரூம், மரச்சட்டம், நாலாவது பெட்டி, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்க்ரூ வரைக்கும் வந்தபோது அக்கா குஷன் உறையால் முகத்தை மூடிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. நானும் சிரித்துவிட்டேன். அண்ணன் மட்டும் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். காது சிவந்து போயிருந்தது.

சிரித்து முடித்து அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுக்காகவா இத்தனை சனிக்கிழமை அலைஞ்சீங்க?"

"நீ இங்க வந்து உக்காரணும்னுதான்," என்றார் அண்ணன், ஸ்பீக்கரிடம்.

"அதுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கலாமே."

"கிர்ருன்னு சத்தம் வருதுன்னுதானே நீ உள்ள போன?"

"சத்தத்துக்கு யாருங்க போனா? சத்தம் என்னை என்ன பண்ணுது?" அக்கா உறையை மடித்து மடிமேல் வைத்துக்கொண்டார். "ஒருநாள் கிர்ருன்னு கேட்டதும் நீங்க திரும்பி என்னைப் பாத்தீங்க. வாயத் திறந்து ஒண்ணும் சொல்லல. பாத்தீங்க, அவ்வளவுதான். ராங் சைடுல வண்டிய விட்ட ஆளைப் பாக்கிற மாதிரி. அன்னைக்கே மெஷினை உள்ள தள்ளிக்கிட்டுப் போயிட்டேன்."

ஹாலில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஞாபகமே இல்லையே," என்றார் அண்ணன்.

"உங்களுக்கு எப்படி இருக்கும்? பாத்தது நீங்க. பட்டது நான்."

அண்ணன் எழுந்து போய் இசைத்தட்டின் மேலிருந்து ஊசியைத் தூக்கி வைத்தார். அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தப்புதான்மா," என்றார். "இங்கயே இரு. மெஷின் ஓடட்டும். பாட்டு கிடக்குது."

"பாட்டு ஏன் கிடக்கணும்? இவ்வளவு அலைஞ்சு வாங்கினதை மூடி வைக்கவா?" அக்கா எழுந்து கூடையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். "மெஷின் இங்கயே இருக்கட்டும். வெளிச்சம் நல்லா இருக்கு. நீங்க வேலைக்குப் போனதும் ஓட்டிக்கிறேன். சாயங்காலத்துக்குக் கொக்கி, பட்டன், ஓரம் மடிக்கிறதுன்னு கை வேலை தினமும் ஒரு கூடை இருக்கும். அதுக்கு மோட்டார் வேண்டாம், நீங்களும் கழட்ட வேண்டாம். போடுங்க, முதல்லேருந்து."

அண்ணன் இசைத்தட்டை முதலிலிருந்து போட்டார். திருகை மெதுவாகத் திருப்பி அளவு வைத்தார். முன்னால் வந்து உட்கார்ந்தார். பின்னால் ஜன்னலடியில் அக்கா ஊசியில் நூல் கோத்தார், முதல் தடவையிலேயே கோத்துவிட்டார். தலையைக் குனிந்து பட்டன் வைக்க ஆரம்பித்தார்.

அண்ணன் உட்கார்ந்திருந்த விதத்தைத்தான் பார்க்க முடியவில்லை. முதுகு விறைத்து, கழுத்து விறைத்து, இரண்டு கையும் தொடைமேல். பார்வை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் குத்திட்டு நின்றது. லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு வந்து உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார். திரும்ப வேண்டும் போல அவருக்கு இருக்கிறது, திரும்பத்தான் பயம். ஒரு பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டும் முடிந்தது. தலை அசையவில்லை.

"என்னங்க," என்றார் அக்கா, பட்டனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ம்."

"கழுத்து சுளுக்கிக்கப் போகுது. திரும்பிப் பாருங்க, பரவாயில்ல."

அண்ணன் எழுந்தார். நாற்காலியைத் தூக்கி, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.